ஒத்தை டிரம்பெட்

உச்சிப்புளிப் பக்கம் கல்யாண ஊர்வலம். டிரம்ஸ் அடங்கி, ரெண்டு டிரம்பெட் மட்டும் 'நலந்தானா' ஆரம்பிச்சா, அப்புறம் நம்ம கால் நகராது சார்!

1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்காக மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரத்தில் வாசித்த பாட்டு அது. நாதஸ்வரத்தில் ஏழு துளை. விரலைப் பாதி மூடிக் குழைக்கலாம். டிரம்பெட்டில் மூன்றே வால்வு. குழைவெல்லாம் உதட்டில்தான் வரணும். (கன்னம் உப்புவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டும்!) ஒருத்தர் மூச்சு வாங்கினால் மற்றவர் பிடித்துக்கொள்வார்.

போன மாசம் ஒரு கல்யாணம். கீபோர்டு, ஸ்பீக்கர், கூட ஒரே ஒரு டிரம்பெட்.

"ஜோடி எங்கேண்ணே?"

"ரெண்டு ஆளுக்குக் கூலி யாரு தம்பி தர்றாங்க?"

அதே பாட்டுதான். பாதியில் அவர் மூச்சு வாங்கினார். அந்த இடம் காலியாகவே போச்சு.