பளபளப்பு மட்டும் போதாது, நண்பர்களே!



மெட்டலர்ஜி லேப் என்றாலே நம்மில் பலருக்கு ஒரே நினைப்புதான்: "ரெண்டு மணி நேரம் துண்டைத் தேய்க்கணும், அப்புறம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துப் படம் வரையணும்." தேய்ப்பது எடுபிடி வேலை, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் படிப்பு என்று ஓர் எண்ணம். உண்மை அப்படியில்லை. மைக்ராஸ்கோப் தன் முன்னால் வைத்த மேற்பரப்பைத்தான் காட்டும். அது உலோகத்தின் நிஜ முகமா, நம் கை போட்டுவிட்ட வேஷமா என்று அதற்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிய வேண்டும்.

1863-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்பவர் எஃகுத் துண்டுகளைத் தேய்த்து, மெருகேற்றி, அமிலத்தால் அரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அன்றிலிருந்து கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் தேய், மெருகேற்று, அரி என்ற வரிசை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் எங்கே ஏமாறுவோம் என்று பார்ப்போமா?

1. வெட்டுதல்

முதல் எதிரி சூடு. கேஸ் கட்டிங்கில் வெட்டிய ஓரத்தை அப்படியே சோதனைக்கு எடுக்கக் கூடாது. கட்-ஆஃப் வீலில் வெட்டும்போது கூலன்ட் நிற்காமல் ஓட வேண்டும். வெட்டிய முகம் நீலம் பாரித்திருந்தால், அங்கே சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கடினமாக்கிய எஃகாக இருந்தால் அந்த இடம் டெம்பர் ஆகிவிட்டது. பிறகு எவ்வளவு அழகாகத் தேய்த்து என்ன பயன்? பார்ப்பது வெட்டின கதையைத்தான், உலோகத்தின் கதையை அல்ல.

2. மவுண்டிங்

சின்னத் துண்டை விரலில் பிடித்துத் தேய்த்தால் முகம் சாய்ந்துவிடும், ஓரம் உருண்டுவிடும். அதனால் பேக்கலைட் பவுடரில் வைத்து, சுமார் 150 டிகிரி சூட்டிலும் அழுத்தத்திலும் வில்லையாக்குகிறோம். ஈயம், வெள்ளீயம் போன்ற சீக்கிரம் உருகும் உலோகங்களுக்கும், கடினமாக்கிவிட்டு டெம்பர் செய்யாத எஃகுக்கும் இந்தச் சூடும் ஆகாது. அவற்றுக்குத் தானாக இறுகும் கோல்டு செட்டிங் பவுடர்தான் சரி.

3. தேய்த்தல்

220, 320, 400, 600 என்று உப்புத்தாள் வரிசையாகப் போகும். ஒவ்வொரு தாளுக்கும் ஸ்பெசிமெனை 90 டிகிரி திருப்புங்கள். முந்தின தாளின் கீறல்கள் குறுக்கே தெரியும். அவை மறையும்வரை தேய்க்க வேண்டும். அதோடு விடக் கூடாது. இன்னும் அதே அளவு நேரம் தேய்க்க வேண்டும். ஏன்? கீறலுக்கு அடியில் நசுங்கின உலோகம் ஒரு படலமாக இருக்கிறது. கீறல் கண்ணுக்கு மறைந்தாலும் அந்தப் படலம் மறையாது. கடைசியில் அமிலம் பட்டதும் "நான் இங்கேதான் இருக்கேன்" என்று பழைய கோடு எழுந்து வரும்!

தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்பெசிமெனையும் கையையும் கழுவுங்கள். 220 தாளின் ஒரே ஒரு துகள் 600 தாளுக்கு வந்தால் போதும், அரை மணி நேர உழைப்பு வீண்.

4. மெருகேற்றுதல்

சுழலும் டிஸ்க்கில் வெல்வெட் துணி. அதன்மேல் தண்ணீரில் கலந்த அலுமினாவோ வைரப் பேஸ்ட்டோ. மெதுவாக அழுத்தி, ஸ்பெசிமெனைத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரே பக்கமாகப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் வால் நட்சத்திரம் போல ஒரு வால் விழும்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது இங்கேதான் பொருந்தும். காரின் ஸ்டீயரிங் நக்கிள் போன்ற பாகங்களை எஸ்.ஜி. இரும்பில் வார்க்கிறார்கள். அதன் பலமே கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருப்பதில்தான். மோசமாக மெருகேற்றினால் உருண்டைகள் பிடுங்கிக்கொண்டு போய் வெறும் குழிகள் மிஞ்சும். நல்ல வார்ப்பு "ரிஜெக்ட்" ஆகும். இல்லையென்றால் உலோகம் இழுபட்டு கிராஃபைட்டை மூடிவிடும். அதன் வடிவம் கெட்டிருந்தாலும் தெரியாமல் "ஓகே" ஆகும். இரண்டாவதுதான் ஆபத்து. அந்த நக்கிளை நம்பித்தான் ஒரு குடும்பம் காரில் போகிறது.

கிராஃபைட், வெடிப்பு, துளை, கசடு எல்லாவற்றையும் அமிலம் தொடுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

5. எட்ச்சிங்

சாதாரண எஃகுக்கு 2 சதவீத நைட்டால்: 98 மில்லி எத்தனாலில் 2 மில்லி நைட்ரிக் அமிலம். ஆல்கஹாலில்தான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், மாற்றிச் செய்யவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கலந்ததைப் பாட்டிலில் இறுக மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு சேரும்.

கிரெயின்களின் எல்லைகளில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் இருப்பதால் அமிலம் அங்கே வேகமாக அரிக்கும். அந்தப் பள்ளத்தில் ஒளி சிதறுவதால் எல்லை கறுப்புக் கோடாகத் தெரிகிறது. சில விநாடிகளில் பளபளப்பு மங்கும். உடனே தண்ணீரில் கழுவி, ஆல்கஹால் விட்டு, சூடான காற்றில் உலர்த்துங்கள்.

இதில் நிதானம் வேண்டும். மெதுவாக ஆற வைத்த சாதாரண எஃகில் கால் பங்கு பேர்லைட் தெரிந்தால் கார்பன் சுமார் 0.2 சதவீதம், முழுக்கப் பேர்லைட் என்றால் சுமார் 0.8. ஆனால் அரிப்பு அதிகமாகிவிட்டால் வெள்ளையான ஃபெரைட்டும் கறுத்துப்போகும். கால் பங்கு அரைப் பங்காகத் தோன்றும், நம் கணக்கில் கார்பன் இரட்டிப்பாகும்! இப்படி ஆனால் துணியில் மறுபடி மெருகேற்றி மறுபடி அரிப்பதே வழி. குறைவாக அரித்திருந்தால் இன்னும் சில விநாடி போதும். அதனால் முதலில் குறைவாகவே அரித்துப் பாருங்கள்.

பார்க்கும்போது முதலில் 100 மடங்கு, பிறகுதான் 400. ஒரே இடத்தைப் பார்த்து முடிவு சொல்லாமல் நாலு இடத்தை நகர்த்திப் பாருங்கள்.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்க வேண்டும் அல்லவா? அடுத்த பிராக்டிகலில் சீனியர் ரெக்கார்டை மூடி வைத்துவிட்டு, உங்கள் கண்ணில் பட்டதை மட்டும் வரையுங்கள். படத்தில் ஒரு கீறல் இருந்தால் கீறலையும் வரையுங்கள். எக்ஸ்டர்னல் "இது என்னப்பா?" என்று கேட்டால், "ஸ்கிராட்ச் சார், 400 தாளில் போகாம நின்னது" என்று சொல்லத் தெரிந்தவனே பாடத்தைப் படித்தவன். நாளை ஒரு ஃபவுண்டரியில் ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடும்போது, அந்தப் பழக்கம்தான் நம்மோடு வரும்.