சேலத்துச் சூளையும் ஒரு வில்லன் வாயுவும்

ஏற்காடு டூர் போகாத காலேஜ் உண்டா? 20 கொண்டை ஊசி வளைவு வர்றதுக்கு முன்னாடியே, சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவுல மண் வெள்ளை வெளேர்னு இருக்கும். இங்கிலீஷ்ல 'சாக் ஹில்ஸ்'னு பேர். ஆனா சாக் இல்லை, மேக்னசைட்! சுத்தமான மேக்னசைட் 100 கிலோவைச் சூளையில் சுட்டால், 52 கிலோ கார்பன் டை ஆக்ஸைடா பறந்துடும். மிச்சம் மெக்னீசியம் ஆக்ஸைடு. எஃகு உலைச் செங்கல்லுக்குப் போறது அதுதான்.

அதே மெக்னீசியம் ஆக்ஸைடுக்கு ஒரு ஹைடெக் அவதாரமும் உண்டு: சூப்பர் கண்டக்டர் டேப். (நம்ம ஊர் கல்லை அரைச்சுப் பூசுறாங்கன்னு நினைச்சுடாதீங்க!) 1987-ல் கண்டுபிடிச்ச இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்ஸைடு, மைனஸ் 180 டிகிரியிலேயே மின்தடையைத் தொலைச்சுடும். திரவ நைட்ரஜனே போதும். ஆனா அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால உலோக நாடா மேல, சுமார் 10 நானோமீட்டர் மெக்னீசியம் ஆக்ஸைடைப் படிய வச்சு, அந்த வரிசையிலேயே மேலே படிகத்தை வளர்க்கிறாங்க.

இங்கேதான் வில்லன் என்ட்ரி. சூளையில் நாம விரட்டின அதே கார்பன் டை ஆக்ஸைடு! பேரியத்துக்கு அது மேல தீராத காதல். ரெண்டும் சேர்ந்தா பேரியம் கார்பனேட். அது படிக எல்லைகளில் போய் உட்கார்ந்துக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி பிரேக் டவுன் ஆனா மொத்த மலைப்பாதையும் நிக்குதே, அதே கதை. கிலோமீட்டர் கணக்கான டேப்பில் ஒரு இடம் சொதப்பினாலும், அங்கே சூடேறி காந்தமே படுத்துடலாம்.

பிஸ்மத் வகை டேப்பில் இன்னும் காமெடி. பவுடரில் கார்பன் மிச்சம் இருந்தா, வெள்ளி உறைக்குள்ளே வாயு அடைச்சு, பூரி மாதிரி உப்பிடும்.

தப்பிக்க ஒரு வழி, கார்பனேட்டை ஒதுக்கிட்டு பேரியம் ஃபுளூரைடு வழியா வர்றது. அதை உடைக்க நீராவி வேணும். உடைஞ்சதும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு கிளம்பும். கண்ணாடியையே அரிக்கிற ஆள்! அதை உடனுக்குடன் வெளியேற்றலைன்னா படிக வளர்ச்சி மந்தமாயிடும். கடைசியில் ஆக்சிஜனில் வச்சு ஆற விடணும். ஃபார்முலாவில் ஆக்சிஜன் 7-ஐ ஒட்டி இருந்தா சூப்பர் கண்டக்டர். 6-க்கு இறங்கினா சாதாரண மின்கடத்தாப் பொருள். ஒரு வாயு வரலைன்னா குத்தம், இன்னொண்ணு வந்தா குத்தம்!

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 20 டெஸ்லாவைத் தொட்ட அணு இணைவுக் காந்தத்துக்குள் சுற்றியிருந்த இந்த டேப்போட நீளம், 267 கிலோமீட்டர்.