ஆளற்ற வெளியும் பெருக்க மரமும்

அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் வாழ்ந்த அத்தான், புங்குடுதீவில் தம் தந்தையார் விட்டுச்சென்ற காணியை விற்றுவிடும் எண்ணத்தோடு ஊருக்கு வந்திருந்தார். அது ஆடி மாதம். காணியைப் பார்த்துவிட்டு அப்படியே நெடுந்தீவுக்கும் போய்வருவோம் என்று இருவரும் காரிற் புறப்பட்டோம்.

பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இருமருங்கும் கடல். அல்லைப்பிட்டியைத் தாண்டினால் பனைகளும் காய்ந்த தரவைகளுமே. டார்வினிலிருந்து புரூம் வரை தாம் கார் ஓட்டிச் சென்ற கதையை அத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். செம்மண்ணும் புல்வெளியும் மாறி மாறி வரும் அப்பாதையிலே நாழிகைக் கணக்காக மனித முகத்தையே காண முடியாதாம்.

“இதுவும் அப்படித்தான் கிடக்குது, தம்பி” என்றார், புங்குடுதீவினுள் நுழைந்தபோது.

கூரையிழந்த வீடுகள் வரிசையாய் நின்றன. ஒரு விறாந்தையின் நடுவே வேம்பு வளர்ந்திருந்தது. 1990ஆம் ஆண்டிலும் அதனையொட்டியும் போரினால் இடம்பெயர்ந்தோருள் மிகப் பலர் மீண்டும் வந்து குடியேறவில்லை. அத்தானின் வளவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். ஒவ்வொரு பாழ்மனையையும் சுட்டி, அது யாருடையது, அவர்கள் இப்போது எந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்றெல்லாம் கூறினார். “உங்கடை கிணறு நல்ல தண்ணி, ஐயா. இறைக்காமல் விட்டதாலைதான் பாசி பிடிச்சுக் கிடக்குது” என்றார்.

அத்தான் கிணற்றை எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

குறிகட்டுவானிற் காரை நிறுத்திவிட்டுப் படகேறினோம். சோளகம் வலுத்திருந்தபடியால் ஒரு மணிநேரத்துக்கு மேலாகக் கடல் எங்களை அலைக்கழித்தது. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டது இக்கடலிலேதான். படகில் இருந்த மூதாட்டி ஒருவர் அதனை நினைந்தாரோ, வெறுமனே கும்பிட்டாரோ, அறியோம்.

நெடுந்தீவில் மதில் என்றால் முருகைக்கல்தான். சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கிய வேலிகள் தீவெங்கும் ஓடுகின்றன. ஐரோப்பியர் விட்டுச்சென்றவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள், வற்றிய குட்டையொன்றின் ஓரத்தில் விலா எலும்பு தெரிய நின்றன. இத்தகைய தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாகவே தங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். மழை பொய்த்தாலோ முதலில் வருந்துவன வாயில்லாப் பிராணிகளே.

பெருக்க மரத்தடிக்கு வந்ததும் அத்தான் திகைத்து நின்றார். “இதை நான் அங்கை கண்டிருக்கிறன்!”

அவர் கண்டது இதன் உறவு மரம். உலகிலுள்ள எட்டுப் பெருக்க இனங்களில் ஆறு மடகாஸ்கருக்கு உரியவை. ஒன்று ஆபிரிக்காவுக்கும் மற்றொன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்குக்கும் உரியன. நெடுந்தீவில் நிற்பது ஆபிரிக்க இனம். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பது செவிவழிச் செய்தி.

மரத்தின் பொந்துக்குள் ஓர் ஆள் நுழையலாம். அதனுள் நின்றபடியே அத்தான் சொன்னார்: “அங்கையுள்ள ஆதிக்குடிகளுக்கு இந்த மரத்தின்ரை காயும் விதையும் சாப்பாடு. கோதிலை சித்திரமும் செதுக்குவினம். நாங்கள் ஆளில்லா வெளி எண்டு சொல்லிக்கொண்டு காரிலை போனம். அவையளுக்கு அங்கை ஒவ்வொரு குன்றுக்கும் ஓடைக்கும் பேர் இருக்குது.”

மாலைப் படகிலே திரும்பினோம். குறிகட்டுவானில் இறங்கியதும் நேரே யாழ்ப்பாணம் போவோம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அத்தானோ காரைத் தம் வளவுப் பக்கம் திருப்பச் சொன்னார். முதியவர் ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு வீடு திரும்பும் வேளை அது.

“அண்ணை, நாளைக்கு ரெண்டு ஆளைப் பிடிச்சுக் கிணற்றை இறைப்பிக்கேலுமோ?” என்று கேட்டார்.

காணி விலை பற்றிய பேச்சை அன்று அவர் எடுக்கவில்லை.