மரச்சீனி நாட்டில் ஒரு பீர் ஆலை

மாதத்தின் முதல் தேதி நீங்கலாக ஏனைய நாள்களில், அரசின் பானக் கழகக் கடைகளிலும் அனுமதி பெற்ற விடுதிகளிலும் திருவனந்தபுரத்துவாசி ஒருவருக்குப் பீர் கிடைப்பதில் சிரமம் ஏதுமில்லை. எனினும் அவருக்குக் கிடைப்பது, லட்சக்கணக்கான புட்டிகளில் அணுவளவும் சுவை மாறாதிருக்கும்படி ஒரு பெரும் ஆலையில் தயாரித்து அனுப்பப்பட்ட சரக்கேயன்றி, ஒரு தானியத்தின் சுபாவத்தையும் ஒரு பருவத்தின் விளைவையும் அறிந்த ஒருவர் சிறு கொப்பரையில் சிரத்தையுடன் வடித்த பானம் அன்று. புனேயில் 2009-ல் 'டூலாலி'யும், பெங்களூரு இந்திராநகரில் 2010-ல் 'டாய்ட்'டும் தொடங்கி, இன்று தென்னாட்டில் புதுச்சேரி வரை பரவிவிட்ட சிறு பீர் ஆலைகள் கேரளத்தின் தலைநகருக்கு இதுவரை வந்து சேரவில்லை. 2018-ல் மூன்று பீர் ஆலைகளுக்கும் ஒரு வடிசாலைக்கும் கொள்கையளவில் அளிக்கப்பட்ட அனுமதி, எதிர்க்கட்சிகளின் கண்டனத்தைத் தொடர்ந்து அவ்வாண்டு அக்டோபரிலேயே ரத்துச் செய்யப்பட்டது. அந்தச் சர்ச்சை பெரிய ஆலைகளைப் பற்றியது. ஆயினும் சிறியவற்றைப் பற்றி நிதானமாகப் பேசுவதையும் அது கடினமாக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பெங்களூருக்குப் போய் வருகிறவர்கள் அங்குள்ள சிறு ஆலைகளின் சோதனைப் பீர்களைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறார்கள். மாம்பழப் பீர், கேழ்வரகுப் பீர், காப்பிக்கொட்டை ஊறிய கறுப்புப் பீர் என்று ஒவ்வொன்றும் சில வாரங்களுக்கு மட்டும் கிடைத்துப் பிறகு மறைந்துவிடுவதே அவற்றின் கவர்ச்சி. புதுமையில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் ஒரு பானம் குறைந்த அளவில் கிடைக்கிறது என்றால் அந்த வரம்பை விதித்தது யார் என்று கேட்காமல் அதைப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை. வியாபாரி விதித்த வரம்பு ஆசையைத் தூண்டுவதற்கான உபாயம். பருவமோ மூலப்பொருளோ விதித்த வரம்பு பானத்தின் உள்ளியல்பிலேயே அமைந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் 1900 முதல் நடந்துவரும் கான்டியோன் ஆலையில், கொதித்த மால்ட் கஷாயத்தை அகன்ற ஆழமில்லாத தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைத்து, காற்றில் மிதந்து வரும் நுண்ணுயிர்களையே நொதிக்க விடுகிறார்கள். கோடையில் தீய கிருமிகள் மிகுமாதலால் குளிர்ந்த மாதங்களில் மட்டுமே அங்கு வேலை நடக்கும். அதை யாரும் விளம்பர தந்திரம் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட பானம் ஒன்றைக் கேரளம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. தென்னம்பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, சொட்டுகின்ற சாற்றைக் கலயத்தில் பிடிக்கும்போதே ஈஸ்டும் பாக்டீரியாக்களும் தாமாக வந்து குடிகொள்கின்றன. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அச்சாறு பதநீராக, குமரி மாவட்டத்தார் சொல்லும் அக்கானியாக, இனித்தே நிற்கும். தடவாவிட்டால் காலையில் இறக்கியது இளங்கள்ளாகி, பிற்பகலில் முதிர்ந்து, அடுத்த நாளுக்குள் காடியாகும் வழியில் வெகுதூரம் சென்றுவிடும். கள்ளு ஷாப்பில் அமர்ந்து மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் உண்பவர் எந்த ஆலைக்காரனும் கற்பனை செய்யத் துணியாத குறுகிய ஆயுளுடைய பானத்தை அருந்துகிறார். அது இன்னின்ன தோப்பின் கள், இன்னின்ன வேளைக் கள் என்று பேதம் பார்த்துச் சொல்லும் நாவும் அவருக்கு உண்டு. இந்த ரசனை இங்கே ஊறிப்போயிருப்பதால், சோதனைப் பீருக்கு வேண்டிய சரியான விமர்சகர்கள் பெங்களூரைவிடத் திருவனந்தபுரத்தின் புறநகரங்களில் அதிகம் இருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1987-ல் கள்ளைத் தடைசெய்த தமிழகம் அத்தகைய நாவை ஏறக்குறைய இழந்துவிட்டது என்பதைத் துயரத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சேர்க்கப்படும் பொருள் பீருக்கு என்ன செய்கிறது என்பதே அடுத்துப் பார்க்க வேண்டியது. இதிலேதான் பெரும்பாலான சோதனைகள் தோற்கின்றன. மாம்பழத்தின் மகிமையில் பாதி அதன் இனிப்பு. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்றுவிட்டபின் எஞ்சுவது புளிப்பும் மெல்லிய வாசனையுமே ஆதலால், ஏமாந்த தயாரிப்பாளர் எசென்ஸைத் தேடிப் போனால் அன்றே பானம் கெட்டுவிடுகிறது. தேங்காயிலுள்ள எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். ஏலக்காய் ஒரு பிடி கூடினாலும் பீர் மறைந்து பாயசத்தின் நினைவே மிஞ்சும். இவற்றுக்கு மாறாக, 2018-ல் கேரளத்தின் மாநிலப் பழமாக அறிவிக்கப்பட்ட சக்கைப்பழத்தின், அதாவது பலாப்பழத்தின், மணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் கலந்துள்ள எஸ்டர்களில் சில, ஜெர்மானியக் கோதுமைப் பீரின் ஈஸ்ட் தானாகவே உண்டாக்கும் வாழைப்பழ வாசனைக்கு உறவானவை. அங்கே பழம் பீரின்மேல் திணிக்கப்படாமல், பீரில் ஏற்கெனவே உள்ள ஒரு குணத்தையே வளர்த்துக் காட்டும். அதற்கும் உறுதியான வரிக்கைச் சுளையைவிட, தின்பாரின்றி மரத்தடியில் விழுந்து அழுகும் கூழஞ்சக்கையே உத்தமமானது என்பேன். சாறும் அதிகம், விலையும் சொற்பம்.

ஆயினும் இந்நகரத்துக்கே உரிய மூலப்பொருள் சக்கை அன்று, மரச்சீனி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்கைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகளின் அடுப்பை அணையாமல் காத்தது இதுவே. 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்நகரின் ஸ்ரீகாரியத்தில் இயங்குகிறது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தந்த எச்-226 முதலிய ரகங்கள் அங்கிருந்து வந்தவை. இவ்வளவு அறிவு குவிந்துள்ள ஊரில் மரச்சீனிப் பீரை யாரும் வடித்துப் பார்த்ததாக நான் அறியவில்லை. மொசாம்பிக் நாட்டிலோ 2011-லேயே 'இம்பாலா' என்ற பீர் இக்கிழங்கின் மாவைப் பெரும்பகுதியாகக் கொண்டு விற்பனைக்கு வந்துவிட்டது. பறித்த இரண்டு மூன்று நாள்களில் கிழங்கு கெட்டுவிடுமாதலால், அரைக்கும் இயந்திரத்தையே வண்டியிலேற்றித் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்நாட்டு அரசு வரியையும் குறைத்துக்கொடுத்தது. கிழங்கிலுள்ள சயனைடு நச்சைப் போக்குவது ஒரு பிரமாதமான காரியமன்று. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டும் கேரளத்துத் தாய்மார்கள் அதைத் தினந்தோறும் செய்கிறார்கள்.

மலையாளிகள் இத்தகைய துணிவு இல்லாதவர்கள் அல்லர். 2022-ல் போலந்து நாட்டில், யுக்ரேன் போரின் குழப்பத்தால் விற்பனையாகாமல் தேங்கிய ஐந்து டன் அவலை வீணாக்க மனமின்றி, சந்திரமோகன் நல்லூரும் சர்கேவ் சுகுமாரனும் அதிலிருந்து பீர் தயாரித்து 'மலையாளி' என்று பெயரிட்டார்கள். அரிசியிலிருந்து பீர் போன்ற பானம் வடிப்பது நம்மவர்க்குப் புதிதுமன்று. நெல்முளையை இடித்துக் கூழில் கலந்து இரண்டு பகலும் இரவும் சாடியில் விளையவிட்ட நறும்பிழியின் செய்முறையைப் பெரும்பாணாற்றுப்படை விவரமாகவே வர்ணிக்கிறது. ஒரு மலையாளி அவல் பீரைச் சுவைக்கப் போலந்துக்குப் போக வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

இங்கே ஒரு கனமான ஆட்சேபணை உண்டு; அதை லகுவாகக் கடந்து செல்லலாகாது. ஸ்ரீகாரியத்துக்கு அருகிலுள்ள செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, மது விஷமென்றும், அதை உண்டாக்குவதும் கொடுப்பதும் அருந்துவதும் கூடாதென்றும் உபதேசித்தார். கள்ளிறக்கும் தொழிலையே பெரிதும் நம்பியிருந்த தம் சமூகத்தாருக்கும் சேர்த்தே அதைச் சொன்னார். அந்த உபதேசத்தைப் பின்பற்றுவோர் மீது எனக்குள்ள மரியாதை குறையாது. குடியால் அழிந்த குடும்பங்களை அறிந்த எவரும் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்க மாட்டார். ஆனால் அரசே பிராந்தியையும் ரம்மையும் தன் கடைகளில் விற்றுப் பொக்கிஷத்தை நிரப்பிக்கொள்ளும் நாட்டில், வீரியத்தில் மிகக் குறைந்ததும் உழவனுக்கு மிக அருகிலிருப்பதுமான பானத்துக்கு மட்டும் கதவை அடைப்பது குருவின் வாக்கைக் காப்பதாகாது.

அக்கதவைத் திறக்கும் திசையில் அரசு ஓரளவு நடந்தும் இருக்கிறது. 2022-ல் தோட்டக்கலை விளைபொருள்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதிகள் இயற்றப்பட்டன. வெள்ளாணிக்கரை வேளாண்மைப் பல்கலைக்கழகம் முந்திரிப்பழம், அன்னாசி, வாழை ஆகியவற்றிலிருந்து 'நிள' என்ற பெயரில் ஒயின் தயாரித்திருக்கிறது. 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் மரச்சீனியிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆராய்ச்சிக்காக ஸ்ரீகாரிய நிலையத்துக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டபோது, அதில் ஒரு சிறு பாகமேனும் பீருக்கு ஆகக்கூடாதா என்று ஏங்கினேன். எத்தனாலாக வடித்துவிட்டால் கிழங்கின் குணம் முழுவதும் அழிந்துபோகிறது. பீரிலோ அதன் மண்வாசனையில் சிறிது தங்கும்.

தொழில்நுட்பத் தடை என்று சொல்ல இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. லாகர் பீருக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர் வேண்டுமென்பது உண்மையே. ஆனால் நார்வே நாட்டுப் பண்ணைகளில் வழிவழியாகக் காப்பாற்றப்பட்ட க்வைக் என்ற ஈஸ்ட் 35 டிகிரி வெப்பத்திலும் சுத்தமாக நொதிக்கும், ஆகவே திருவனந்தபுரத்து வெயிலில் குளிர்சாதனச் செலவு வெகுவாகக் குறையும். நொதிகள் செயற்படுவதற்கு வேண்டிய அளவு பார்லி மால்ட்டும், மிகுதிக்கு மரச்சீனியும், கசப்புக்குச் சிறிது ஹாப்ஸும் சேர்த்து, நூற்றுக்கு நான்கு பாகத்துக்கு மேற்படாத வீரியத்தில், ஆலையிலேயே ஊற்றிக் கொடுக்கும்படியான ஒரு பீருக்கு முதல் அனுமதி வழங்கலாம். கிழங்கு எந்த ஊரில் எந்த மாதம் பறிக்கப்பட்டது என்று பலகையில் எழுதி வைக்க வேண்டுமென்பதை அனுமதிக்குரிய நிபந்தனையாகவே விதிக்கலாம். நெடுமங்காட்டு விவசாயியும் காட்டாக்கடை விவசாயியும் காலையில் பறித்த கிழங்கை அன்றைக்கே கொண்டுவந்து சேர்க்கக்கூடிய தூரத்தில் இந்நகரம் இருப்பதால், மொசாம்பிக்கில் தேவைப்பட்ட வண்டி இயந்திரங்கூட இங்கே வேண்டியதில்லை.