பெரஹரா யானையும் ஜிம் ஊசியும்

மதம் பிடித்த ஆண் யானையைப் பெரஹரா ஊர்வலத்தில் நடத்தக் கூடாது என்பது கண்டிப் பாகர்களுக்குப் பழைய பாடம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள சுரப்பியிலிருந்து மதநீர் வழியத் தொடங்கிவிட்டால், வருடக்கணக்காகச் சொற்கேட்ட யானையும் சொந்தப் பாகனையே தாக்கலாம். அந்த நாட்களில் அதன் குருதியில் நடப்பதை அளந்து காட்டியவர்களுள் ஒருவர், பேராதனைக் கால்நடை மருத்துவ அறிஞர் எம். ஆர். ஜெய்னுதீன். கட்டொங்கோலே, ஷோர்ட் ஆகியோருடன் சேர்ந்து 1972இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரண நாட்களில் மில்லிலீற்றருக்கு 0.2 முதல் 1.4 நனோகிராம் வரை இருந்த டெஸ்டொஸ்டெரோன், மதகாலத்தில் 29.6 முதல் 65.4 வரை ஏறியிருந்தது. நம் ஊரில் பிறந்த இந்த அறிவை நாமே அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இதே ஓமோனையும் அதன் செயற்கை உறவுகளையும்தான் தசை வளர்க்கச் சிலர் ஊசியாகவும் மாத்திரையாகவும் எடுக்கிறார்கள். நித்தவெல மைதானத்தில் றக்பி பார்த்து வளரும் கண்டியில் அகன்ற தோளுக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த ஆசையோடு ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது.

அமெரிக்க உளமருத்துவர் ஹரிசன் போப் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. டெஸ்டொஸ்டெரோனின் வாராந்த அளவைப் படிப்படியாக 600 மில்லிகிராம் வரை உயர்த்தினார்கள். முடிவுவரை இருந்த 50 ஆண்களில் 42 பேரிடம் பெரிய மாற்றமில்லை. 6 பேருக்கு இலேசான மனக்கிளர்ச்சி, 2 பேருக்குக் கடுமையான கிளர்ச்சி. ஆகவே ஸ்டெரொய்ட் எனப்படும் இவ்வகை மருந்துகளை எடுத்தவரெல்லாம் வெறிகொள்வார்கள் என்பது பொய். ஆனால் அந்த 8 பேரை முன்கூட்டியே பிரித்தறிய எந்தப் பரிசோதனையாலும் முடியவில்லை. என்னை அச்சுறுத்துவது இதுதான். ஜிம்களில் சிலர் வாரம் 1000 மில்லிகிராமையும் தாண்டுகிறார்கள், பல மருந்துகளைக் கலக்கிறார்கள். அந்த அளவுகளில் மனிதரை வைத்துச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது.

யானையின் மதம் தானாக வடியும், ஓமோனும் பழைய அளவுக்கு இறங்கும். ஊசி போட்டவரின் உடலோ, வெளியிலிருந்து ஓமோன் வருவதைக் கண்டு சொந்த உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தியதும் உள்ளே எஞ்சுவது ஓமோன் வறட்சி. அது தீர மாதங்கள் ஆகலாம். சோர்வு, ஆர்வமின்மை, தூக்கக் குலைவு, சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட அப்போதுதான் வருகிறது. மருந்து எடுத்த நாட்களின் கோபத்தைக் கவனித்த வீடு, நிறுத்தியபின் வரும் இந்த அமைதியைத் திருந்தியதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதை, எவ்வளவு, எத்தனை நாள் எடுத்தார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி ஓமோன் அளவைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கும் அதே வேளையில் சிகிச்சை தொடங்கலாம்.