பழைய சுவர் மேசையை விற்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

தளபாட வியாபாரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். வீட்டில் பழைய மேசையோ அலுமாரியோ வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றைத்தான்: "நானா, இது எவ்வளவு போகும்?" விலையைக் கேட்க முன்னர் அது என்ன பொருள் என்று அறிந்துகொள்ள வேண்டும். அது தெரியாததால் ஏமாந்தவர்கள் பலர். தெரிந்துகொண்டே பிறரை ஏமாற்றுபவர்களும் எமது தொழிலில் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

களப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் புல்மோட்டை. அந்தப் பக்கம் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்கிளாய். மூன்று வருடங்களுக்கு முன்னர் அங்குள்ள வயதான அம்மா ஒருவர் ஆளனுப்பி என்னை அழைத்தார். வீட்டு ஹோலில் சுவரோடு சேர்த்து ஓர் அரைவட்ட மேசை நின்றது. முதிரை மரம். நான்கு மெல்லிய கால்கள். வெளியூரிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "டச்சுக்காரன் காலத்துக் கொன்சோல், ஆனால் உளுத்துப் போனது" என்று சொல்லி 18,000 ரூபா பேசிவிட்டுப் போயிருந்தார். பேத்தியின் படிப்புக்குப் பணம் தேவை. "தம்பி, குடுக்கவோ விடவோ? நீங்கள் சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மா.

கொன்சோல் என்பது பிரெஞ்சுச் சொல். சுவரிலிருந்து நீண்டு பாரத்தைத் தாங்கும் தாங்கியையே அது முதலில் குறித்தது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் மாளிகைச் சுவர்களில் இத்தகைய மேசைகளைப் பொருத்தினார்கள். முன்புறம் மட்டுமே கால்கள் இருக்கும், பின்புறத்தைச் சுவர் தாங்கும். இரண்டு யன்னல்களுக்கு நடுவே மேசையை வைத்து, அதற்கு மேல் பெரிய கண்ணாடியை மாட்டுவார்கள். பின்னர் நான்கு கால்களுடன் சுவரோரம் நிற்கும் ஒடுங்கிய மேசைகளும் இந்தப் பெயரைப் பெற்றன.

இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் 1796 வரை ஆண்டார்கள். அவர்களுக்கும் பின்வந்த ஆங்கிலேயருக்கும் எமது நாட்டு ஓடாவிமார் ஐரோப்பிய வடிவங்களைக் கருங்காலியிலும் முதிரையிலும் செய்து கொடுத்தார்கள். சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் மரத்தையும் பயன்படுத்தினார்கள். அளவுக்கு மிஞ்சி வெட்டியதால் அம்மரம் இன்று மிக அரிதாகிவிட்டது. ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பார்க்க விரும்புபவர்கள் கொழும்பு புறக்கோட்டையிலுள்ள டச்சு நூதனசாலைக்குப் போகலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தமது வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இத்தகைய பழைய பொருட்களை வெண்சுவர்களுக்கு எதிரே வைத்து அழகுபடுத்தினார். அதைப் பார்த்து ஹோட்டல்காரர்களும் வசதி படைத்தவர்களும் பழைய மேசைகளைத் தேடத் தொடங்கினார்கள். தேட்டம் கூடியதும் போலிகளும் கூடின.

கொக்கிளாய் மேசைக்கு வருகிறேன். நான் முதலில் செய்தது, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்ததுதான். மேற்பக்கத்தை எவரும் மெருகூட்டலாம். அடிப்பக்கத்தை மாற்ற யாரும் அவ்வளவாக மினக்கெடுவதில்லை.

முதலாவது, வாள் தடம். கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். வட்ட வாளால் அறுத்ததில் வளைந்த தடங்கள் தெரியும். இந்த மேசையில் கைவாள் தடமே இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. எமது ஊர்களில் கைவாள் நெடுங்காலம் பாவனையில் இருந்தது.

இரண்டாவது, திருகாணி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருகாணிகளின் முனை மொட்டையாகவே இருந்தது. கூர்முனைத் திருகாணி அதற்குப் பிறகே பரவியது. ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், கூர்முனை. துளையைச் சுற்றி மரத்தில் பழைய துருக் கறை ஊறியிருந்தது, வேறு துளையின் அடையாளம் இல்லை. ஆகவே திருகாணி பின்னர் மாற்றப்பட்டதல்ல. அப்படியானால் மேசை ஆங்கிலேயர் காலத்தது. டச்சுக் காலம் என்ற கதை அத்தோடு முடிந்தது.

மூன்றாவது, துளைகள். உளு என்று அவர் காட்டியவை ஒரு காலின் அடியில் மட்டும் இருந்தன. தட்டினால் புதுத் தூள் கொட்டவில்லை. எப்போதோ வந்து போன பூச்சியின் வேலை. விலையைக் குறைக்கச் சொன்ன கதை அது.

நான்காவதுதான் முக்கியமானது. சுவரோடு ஒட்டி நின்ற நேரான விளிம்பில் மூன்று சதுரக் குழிகள் இருந்தன. உண்மையான சுவர் மேசையின் பின்விளிம்பில் குழிகளுக்கு வேலையே இல்லை. அக்காலத்துப் பெரிய சாப்பாட்டு மேசைகளைத் துண்டுகளாகச் செய்வார்கள். இரண்டு முனைகள் அரைவட்டமாக இருக்கும், நடுவில் பலகை. விருந்து வந்தால் குழிக்குள் மரநாக்கைச் செருகிச் சேர்ப்பார்கள். விருந்து முடிந்தால் முனைகளைக் கழற்றிச் சுவரோரம் வைப்பார்கள். கொன்சோல் என்று விலைப்படும் அரைவட்ட மேசைகளில் பல, இப்படிப் பிரிந்த முனைகளே.

"அம்மா, இதுக்கு ஒரு சோடி இருந்திருக்க வேணுமே?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "இருந்தது தம்பி. இது நான் கலியாணம் முடிச்சு வவுனியாவுக்குப் போகேக்க அப்பா தந்தது. மற்றது இஞ்ச அண்ணா வீட்டில நிண்டது" என்றார்.

1984 டிசம்பரில் கொக்கிளாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர்தான் அவர்களால் திரும்பி வர முடிந்தது. வந்தபோது அண்ணனின் வீடும் இல்லை, மேசையும் இல்லை. சீதனமாக வெளியூர் போனதால் தப்பிய பாதிதான் நான் பார்த்தது.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். இது கொன்சோலாகச் செய்யப்பட்டதல்ல, டச்சுக் காலத்ததுமல்ல. அதனால் அந்தப் பெயருக்குரிய விலை கிடைக்காது. முழு மேசையாக இருந்திருந்தால், பாதியின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் போயிருக்கும். ஆனாலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நல்ல முதிரை, பழைய மெருகு அப்படியே இருக்கிறது, கால் மாற்றப்படவில்லை. 18,000 ரூபா அநியாயம்.

எனது கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொண்டேன். திருகோணமலையில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் வந்து பார்த்து, 70,000 ரூபாவுக்கு எடுத்தார். பற்றுச்சீட்டில் "சாப்பாட்டு மேசையின் ஒரு முனை, முதிரை, ஆங்கிலேயர் காலம்" என்று எழுதிக் கொடுத்தேன். குறையைச் சொன்னால் விலை விழும் என்பார்கள். அவரோ அந்தக் குழிகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினார். பின்னர் வேறு இரண்டு பொருட்களுக்கும் என்னையே தேடி வந்தார்.

வைத்திருக்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். இவ்வகை மேசை அதிக இடம் பிடிக்காது. வாசலுக்கு எதிரேயுள்ள சுவரிலோ விறாந்தையிலோ வைத்து, மேலே ஒரு கண்ணாடியை மாட்டினால் சிறிய ஹோலும் பெரிதாகத் தெரியும். மேலே இரண்டு மூன்று பொருட்கள் போதும். நேர் வெயில் படக்கூடாது. ஈரச் சீமெந்தில் கால் நேரே நிற்காமல் அடியில் கட்டை வையுங்கள், கறையான் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். துடைக்க உலர்ந்த துணியும், வருடத்துக்கு ஓரிரு முறை தேன்மெழுகும் போதும். புதிதாக்குகிறேன் என்று கடதாசி போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். காலத்தால் வந்த மெருகு போனால் விலையின் பெரும் பகுதியும் போய்விடும்.

விற்பவர்கள் ஒருவர் சொன்ன விலையில் முடிக்காமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். வாங்குபவர்கள் என்ன பொருள், எந்த மரம் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பழம்பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் அவற்றை வியாபாரம் செய்வதையும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பிள்ளைக்கு வெளிநாடு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

மேசையை வாகனத்தில் ஏற்றும்போது அந்த அம்மா என்னிடம் ஒன்று சொன்னார்: "தம்பி, நீங்கள் ஊர் ஊராத் திரியிற ஆள். மூண்டு குழியோட இன்னொண்டைக் கண்டா எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ." அன்றிலிருந்து எந்த வீட்டில் அரைவட்ட மேசையைக் கண்டாலும், விலை பேச முன்னர் அதன் பின்விளிம்பைத்தான் தடவிப் பார்க்கிறேன்.