குல்மார்க்கில் ஓர் இரவு: பனியே கூரையாக

ஜம்மு காஷ்மீரின் குல்மார்க்கைக் கோடையில் கண்டவர்கள், புல்வெளியும் காட்டுப் பூக்களும் நிறைந்த இடமாகவே அதை நினைவில் வைத்திருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடம் டிசம்பர் முதல் மார்ச் வரை வேறோர் உலகமாகிவிடுகிறது. வேலிகளும் நடைபாதைகளும் பனிக்கடியில் மறைகின்றன. டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நீளும் கடுங்குளிரைக் காஷ்மீர மக்கள் ‘சில்லை கலான்’ என்பர். அது முடிந்த பின்னரும் மலையில் பனி குறைவதில்லை.

சென்ற பிப்ரவரியில், வங்கிப் பணியிலுள்ள நாங்கள் நால்வர் ஒரு வார விடுப்பில் அங்கே சென்றோம். இரண்டு குளிர்காலங்களில் அடிப்படைப் பயிற்சி பெற்றிருந்ததால் பனிச்சறுக்கு எங்களுக்குப் புதிதன்று. குல்மார்க்கில் கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி உண்டு. 1998-இல் அதன் முதற்கட்டமும் 2005-இல் இரண்டாம் கட்டமும் செயல்படத் தொடங்கின. கொங்டூரி வழியாக அஃபர்வாட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை அதில் அமர்ந்தே செல்லலாம். இம்முறை அதில் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். எங்கள் கால்களாலேயே ஏறி, பனியில் தங்குமிடம் அமைத்து, ஓர் இரவு கழித்து, மறுநாள் மேலுள்ள முகட்டைத் தொட்டுவிட்டுச் சறுக்கி இறங்குவதே திட்டம். அனுபவம் வாய்ந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வந்தார்.

சறுக்குப் பலகையை அணிந்துகொண்டு மேட்டில் ஏறுவது எப்படி என்று வாசகர்கள் வியக்கலாம். பலகையின் அடிப்புறத்தில் ‘ஸ்கின்’ எனப்படும் நீண்ட பட்டை ஒட்டப்படுகிறது. முற்காலத்தில் அது கடல்நாயின் தோலால் ஆனது. இன்று நைலானாலோ அங்கோரா ஆட்டின் உரோமத்தாலோ செய்யப்படுகிறது. அதன் இழைகள் பின்னோக்கிப் படிந்திருப்பதால், முன்னே தள்ளினால் பலகை வழுக்கிச் செல்லும்; பின்னே நழுவாமல் பனியைப் பற்றிக்கொள்ளும். ஏறும்போது குதிகால் மட்டும் தூக்கக்கூடியதாக இருக்கும். உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்துப் பையில் வைத்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு சறுக்க வேண்டியதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் முழுவதும் வேறொரு பயிற்சியில் கழிந்தது. குளிர்கால மலையில் செல்வோர் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்க வேண்டும்: உடலோடு கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி, மடக்கி வைக்கக்கூடிய நீண்ட துழாவுகோல், மண்வாரி. பனிச்சரிவில் புதைந்தவரை ஏறத்தாழ முதல் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பின்னர் அது விரைந்து குறைகிறது. அந்நேரத்துக்குள் வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேர்வது அரிது. உடன் செல்பவர்களே மீட்புப் படை. ஒரு பைக்குள் கருவியை வைத்து வழிகாட்டி பனியில் புதைத்தார். அதைக் கண்டெடுக்க எங்களுக்கு முதல் முறை 11 நிமிடங்களாயின. மாலைக்குள் 5 நிமிடங்களாகக் குறைத்தோம்.

மறுநாள் காலை, ஊசியிலை மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து இரண்டரை மணி நேரம் ஏறினோம். கொங்டூரிக்குச் சற்றுக் கீழே, மேலிருந்து பனி சரிந்து விழ வழியில்லாத மென்மேடான இடத்தை வழிகாட்டி தேர்ந்தெடுத்தார். அப்போது மணி 11 கூட ஆகவில்லை. இவ்வளவு முன்னதாகவா என்று கேட்டோம். “களைத்த பிறகு வீடு கட்ட முடியாது, சார்” என்றார்.

பனித் தங்குமிடம் என்றதும் ஆர்க்டிக் பகுதி மக்களின் ‘இக்லூ’ நினைவுக்கு வரும். அதற்குக் காற்றால் இறுகிய, கட்டிகளாக அறுக்கத்தக்க பனி வேண்டும். குல்மார்க்கின் பனியோ பொடிப் பனி. அதற்கேற்றது, கனடாவின் வடபகுதிப் பழங்குடியினர் வழியே உலகறிந்த ‘குவின்ஸி’ முறை. முதலில் ஆளுயரத்துக்கு மேல் பனியைக் குவிக்க வேண்டும். பின்னர் இரண்டு மணி நேரம் அதைத் தொடாமல் விட வேண்டும். கிளறப்பட்ட பனித்துகள்கள் அந்நேரத்தில் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அவசரப்பட்டுக் குடைந்தால் கூரை குடைபவர் மேலேயே விழும். அடுத்து, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சிகளை வெளியிலிருந்து குவியலெங்கும் செருகுகிறார்கள். உள்ளிருந்து குடையும்போது குச்சியின் நுனி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். சுவரின் கனம் எங்கும் சீராக அமையும்.

குடைபவர் வியர்க்கலாகாது என்பது இன்னொரு விதி. வியர்வையில் நனைந்த உடை இரவில் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே மேலங்கிகளைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறிக் குடைந்தோம். வாயிலைத் தாழ்வாகவும் படுக்கும் திண்ணையை அதைவிட உயரமாகவும் அமைத்தோம். குளிர்காற்று கனமானது, அது கீழே தங்க, உடலின் வெப்பம் மேலே நிற்கும். கூரையின் உட்புறத்தைக் கையுறையால் தேய்த்து வழவழப்பாக்கினோம். மேடுபள்ளம் இருந்தால் உருகும் நீர் சொட்டும். இறுதியாக, கைக்கோலால் கூரையில் ஒரு காற்றுத்துளை. மாலை நாலரை மணிக்கு வேலை முடிந்தது.

வெளியே வாயிலின் முன் அடுப்பு மூட்டிப் பனியை உருக்கினோம். பாத்திரத்தின் அடியில் சிறிது நீர் ஊற்றிய பின்னரே பனியை இட வேண்டும்; வெறும் பனியை இட்டால் பாத்திரம் தீய்ந்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அடுப்பை உள்ளே கொண்டுசெல்ல வழிகாட்டி அனுமதிக்கவில்லை. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இரவு எட்டு மணிக்கு வெளியே வெப்பமானி மைனஸ் 12 டிகிரி காட்டியது. உள்ளே பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. புதுப்பனியின் பெரும்பகுதி காற்றுதான். அசையாமல் அடைபட்ட அந்தக் காற்று கம்பளிபோல் வெப்பத்தைக் காக்கிறது. ஒரே ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் வெண்சுவர்கள் பொன்னிறமாயின. வெளியே வீசிய காற்றின் ஓசை எங்களுக்குக் கேட்கவேயில்லை.

பத்து மணிக்குப் பனி பொழியத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் விழித்திருந்து காற்றுத்துளையைக் குத்திவிட வேண்டுமென ஏற்பாடு. நள்ளிரவுக்குப் பின் முறை வந்த எங்களில் ஒருவர் உறங்கிவிட்டார். யாரென்று சொல்வது முறையன்று. நால்வரில் எவருக்கும் அது நேர்ந்திருக்கும். இரண்டு மணியளவில் வழிகாட்டியின் குரல் எங்களை எழுப்பியது. தலை கனத்தது. மெழுகுவத்தியின் சுடர் சிறுத்து நின்றது. அவர் கைக்கோலை மேலே குத்த, அடைந்திருந்த பனி உதிர்ந்து, குளிர்ந்த காற்று முகத்தில் விழுந்தது. வாயிலும் மூடியிருந்தது. மண்வாரி உள்ளேயே இருந்ததால் அதையும் திறக்க முடிந்தது. ‘மண்வாரி எப்போதும் உள்ளே’ என்று அவர் மாலையில் சொன்னதை நாங்கள் பொருட்படுத்தியிருக்கவில்லை.

அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. “தூக்கம் வந்தால் அடுத்தவரை எழுப்புங்கள், சார். அதற்காகத்தானே ஐந்து பேர் இருக்கிறோம்” என்று மட்டும் சொன்னார். விடியும்வரை எவரும் உறங்கவில்லை.

காலையில் வானம் துல்லியமான நீலம். முழங்கால் அளவுக்குப் புதுப்பனி. நாங்கள் தொட வேண்டிய முகடு வெயிலில் ஒளிர்ந்தது. இரவின் அச்சம் அகன்று, ஏறும் ஆவல் மேலிட்டது. அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறவிருக்கும் எங்கள் மூத்த நண்பருக்கு இது மறுபடி வாய்க்காது. வழிகாட்டி பதிலேதும் சொல்லாமல், அருகிலிருந்த சிறு சரிவில் பனியைத் தோண்டி ஒரு தூணை அறுத்தெடுத்தார். அதன்மேல் மண்வாரியை வைத்துக் கையால் மெல்லத் தட்டினார். சில தட்டல்களிலேயே மேலடுக்கு ஒரு பலகைபோல் நழுவியது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் பனிச்சரிவுக்கு இடமாகின்றன. முகட்டுக்குச் செல்லும் வழி அத்தகையது.

கடன் பிரிவில் பணியாற்றும் நாங்கள், போன பணத்தை மீட்க மேலும் பணத்தை இறக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். அன்று எங்கள் விடுப்பும் செலவும் உழைப்பும் அந்த முகட்டின்மேல் கண்ணெதிரே இருந்தன. முதலில் பேசியவர் மூத்த நண்பரே. “இறங்கிவிடலாம்” என்றார்.

மரங்களினூடே, சாய்வு குறைந்த வழியில் சறுக்கி இறங்கினோம். புதுப்பனியில் பலகைகள் ஓசையின்றி மிதந்தன. அடிவாரக் கடையொன்றில் உப்பிட்ட இளஞ்சிவப்பு ‘நூன் சாய்’ பருகியபடி முகட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலைவரை அங்கே ஒரு துகளும் சரியவில்லை. ஆயினும் திரும்பியது தவறென்று எங்களில் எவரும் எண்ணவில்லை. காப்பீடு எடுத்த ஆண்டில் விபத்து நேரவில்லை என்பதற்காகக் கட்டிய பிரீமியம் வீண் என்று யாரும் சொல்வதில்லையே.

குளிர்கால மலைக்குச் செல்ல விழையும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் முறையான பயிற்சி பெறுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே உள்ளது. வழிகாட்டியின்றிப் பனிமலைக்குச் செல்லாதீர்கள். பொதுவான பயணக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டு விபத்துகளை ஏற்பதில்லை. விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். பிற மாநிலங்களின் ப்ரீபெய்டு கைப்பேசி இணைப்புகள் அங்கே இயங்குவதில்லை. பனிப்பொழிவில் மின்சாரமும் இணையமும் தடைபடலாம் என்பதால் சிறிது ரொக்கமும் வைத்திருங்கள். திரும்பும் நாளையும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

முகடு அங்கேயேதான் இருக்கும். அடுத்த குளிர்காலத்துக்கு விடுப்பு விண்ணப்பம் தயார். ஓய்வுபெற்ற பின்னும் நம் மூத்த நண்பர் உடன் வருகிறார்.